முதல் பக்கத்தில் ஓர் இடம்

அமெரிக்காவில் ஜே.சி. பென்னி என்று ஒரு பழைய கடைச் சங்கிலி இருக்கிறது. சட்டை துணிமணியிலிருந்து மெத்தை விரிப்பு, நாற்காலி வரை எல்லாம் விற்பார்கள். 2010-ம் ஆண்டின் கிறிஸ்துமஸ் வியாபார மாதங்களில் கூகுளில் ‘டிரஸ்’ என்று தேடினால் இந்தக் கடையின் இணையதளம்தான் முதலில் வந்தது. படுக்கை விரிப்பைத் தேடினாலும் அதுதான். தரை விரிப்பைத் தேடினாலும் அதுதான். சாம்சோனைட் பெட்டி என்று தேடினால்கூட, பெட்டியைத் தயாரிக்கும் சாம்சோனைட் கம்பெனியின் சொந்தத் தளம் பின்னால் நிற்க, ஜே.சி. பென்னி முன்னால் நின்றது.

எப்படி இது சாத்தியம் என்று ‘நியூயார்க் டைம்ஸ்’ நிருபர் டேவிட் சீகலுக்குச் சந்தேகம். தேடுபொறி நுணுக்கம் தெரிந்த டக் பியர்ஸ் என்பவரிடம் துப்புத் துலக்கச் சொன்னார். பியர்ஸ் தோண்டியபோது 2,015 பக்கங்கள் அகப்பட்டன. நாய் வளர்ப்பு, குறட்டை, மீன்பிடிப்பு, பல் மருத்துவம், குளியலறை ஓடு என்று ஆடைக்குக் கொஞ்சமும் ஒட்டாத தளங்கள். அவற்றின் ஏதோ ஒரு மூலையில் ‘மாலைநேர ஆடைகள்’, ‘கருப்பு உடைகள்’ போன்ற சொற்கள். சொல்லைத் தொட்டால் ஜே.சி. பென்னி கடைக்குள் போய் இறங்கலாம். யாரோ காசு கொடுத்து இந்த இணைப்புகளை விதைத்திருக்கிறார்கள். தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று நிறுவனம் மறுத்தது, தளத்தைத் தேடலில் முன்னுக்குக் கொண்டுவரும் எஸ்.இ.ஓ. வேலையை ஒப்படைத்திருந்த ஆலோசகர்களை வீட்டுக்கு அனுப்பியது.

கூகுள் காத்திருக்கவில்லை. 2011 பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை மாலை 7 மணிக்கு சாம்சோனைட் பெட்டித் தேடலில் ஜே.சி. பென்னிக்கு முதலிடம். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 71-வது இடம். எழுபத்தோராவது இடம் என்றால் ஏழு பக்கம் தாண்டிப் போகவேண்டும். யார் போகிறார்கள்?

சொந்தமாக ஒரு கடையோ மருத்துவமனையோ டியூஷன் சென்டரோ நடத்துகிறவர்கள் இன்று எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “கூகுள்ல நம்ம பேரு முதல்ல வரணும், என்ன செய்யலாம்?” இதற்குப் பதில் சொல்வதாக ஒரு பெரிய தொழிலே வளர்ந்து நிற்கிறது. அந்தத் தொழிலில் நேர்மையானவர்களும் இருக்கிறார்கள், பக்கத்துக்கு இத்தனை ரூபாய் என்று இணைப்பு விற்பவர்களும் இருக்கிறார்கள். யார் எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள, தேடுபொறி ஒரு தளத்தை எதை வைத்து நம்புகிறது என்று கொஞ்சம் பார்த்துவிடுவது நல்லது.

1995 டிசம்பரில் வந்த ஆல்டாவிஸ்டா போன்ற முதல் தலைமுறைத் தேடுபொறிகள் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான் பெரும்பாலும் பார்த்தன. ‘கார்’ என்று தேடினால், ‘கார்’ என்ற சொல் எங்கே அதிகம் என்று எண்ணும். இது போதாதா? வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில், மனிதக் கண்ணுக்குத் தெரியாமல், ஒரே சொல்லை நூறு தடவை அடித்துவைத்தார்கள். பக்கத்தின் நிரலுக்குள் ‘கீவேர்ட்ஸ்’ என்று ஒரு பட்டியல் போட ஏற்பாடு இருந்தது. அதில் சம்பந்தமே இல்லாத நடிகைகளின் பெயர்களையெல்லாம் சேர்த்தார்கள். இந்தப் பட்டியலைத் தான் கணக்கில் எடுப்பதே இல்லை என்று கூகுள் 2009-ல் வெளிப்படையாக அறிவித்துவிட்டது. இன்றும் அதைப் போட்டுத் தருவதற்குத் தனியாகப் பில் போடுகிறவர்கள் உண்டு.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் வேறு திசையில் யோசித்தார்கள். கல்வி உலகில் ஓர் ஆய்வுக் கட்டுரையை மற்ற எத்தனை கட்டுரைகள் மேற்கோள் காட்டுகின்றன என்பதை வைத்து அதன் மதிப்பை எடைபோடும் பழக்கம் ஏற்கெனவே இருந்தது. யூஜின் கார்ஃபீல்டு 1960-களிலேயே அதற்கு அட்டவணை போட்டுவிட்டார். அதையே இணையத்துக்குப் பொருத்தினால் என்ன? ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு இணைப்பு கொடுத்தால் அது ஒரு சிபாரிசு. சிபாரிசு செய்பவரே பலரால் சிபாரிசு செய்யப்பட்டவராக இருந்தால், அதற்கு மதிப்பு கூடுதல். பெண் கொடுக்கப் போகும் வீட்டைப் பற்றி அந்த வீட்டாரிடமே கேட்டால் நல்லதாகத்தான் சொல்வார்கள். நாலு தெருத் தள்ளி விசாரிக்க வேண்டும், அதிலும் ஊர் மதிக்கும் வாத்தியார் ஒருவர் சொன்னால் மறுபேச்சில்லை. பேஜின் பெயரையே தாங்கிய ‘பேஜ்ரேங்க்’ கணக்கு செய்ததும் இதுதான். 1998 செப்டம்பரில் கூகுள் நிறுவனமானது. ஒரு சில ஆண்டுகளில் பழைய தேடுபொறிகள் பின்தங்கிப் போயின.

விசாரிப்பது தெரிந்ததும் சாட்சிகளைத் தயார் செய்யும் வேலையும் தொடங்கியது. 2003-ல் அமெரிக்காவில் அரசியல் விளையாட்டாக ஒரு கூட்டம், ‘படுதோல்வி’ என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொற்றொடரிலிருந்து ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் வெள்ளை மாளிகைப் பக்கத்துக்கு இணைப்புகளைக் கொடுத்தது. தேடினால் முதலில் அதிபர்தான் வந்தார். கூகுள் இதைச் சரிசெய்ய 2007 ஆகிவிட்டது. விளையாட்டுக்கே இப்படி என்றால், வியாபாரத்துக்கு எவ்வளவு செய்வார்கள்!

பெரிய பெயர்களும் இதற்கு விலக்கல்ல. 2006 பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூ.வின் ஜெர்மானியத் தளத்தையே கூகுள் தன் அட்டவணையிலிருந்து தூக்கியது. தேடுபொறிக்கு ஒரு முகம், மனிதருக்கு வேறு முகம் காட்டும் பக்கங்களை அந்தத் தளம் வைத்திருந்தது. பழைய கார் என்று பொருள்படும் ஜெர்மன் சொல் அவற்றில் ஒன்றில் 42 முறை வந்தது. பிரிட்டனில் பூங்கொத்து விற்கும் இன்டர்ஃபுளோரா, 2013 காதலர் தினம் முடிந்த அடுத்த வாரமே தேடலிலிருந்து மறைந்தது. அதன் பெயரையே தட்டச்சு செய்து தேடினாலும் கிடைக்கவில்லை. உள்ளூர்ச் செய்தித்தாள்களின் தளங்களில் காசு கொடுத்துக் கட்டுரைபோல விளம்பரம் போட்டு, அவற்றிலிருந்து இணைப்பு வாங்கியிருந்தார்கள். 11 நாள் கழித்து, அந்நாட்டு அன்னையர் தினத்துக்குச் சற்று முன்பு மன்னிப்பு கிடைத்தது. இவர்களெல்லாம் பெரிய நிறுவனங்கள். ஆள் வைத்து, கெஞ்சி, திருத்தி, சில நாளில் திரும்பிவிட்டார்கள். காரைக்குடியில் முறுக்கு, சீடை விற்கும் ஒரு சிறிய தளத்துக்கு இந்தத் தண்டனை விழுந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

ஜே.சி. பென்னி விழுந்த அதே 2011 பிப்ரவரியில்தான் கூகுள் ‘பாண்டா’ என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. பெயரைக் கேட்டுக் கரடி என்று நினைக்க வேண்டாம்; நவ்நீத் பாண்டா என்ற பொறியாளரின் பெயர் அது. கூலிக்கு எழுதவைத்து ஒரு நாளில் நூற்றுக்கணக்கான மேலோட்டமான கட்டுரைகளைக் கொட்டும் தளங்கள் அப்போது பெருகியிருந்தன. பாண்டா வந்ததும் அமெரிக்கத் தேடல்களில் 11.8 சதவீதம் பாதிக்கப்பட்டதாகக் கூகுளே சொன்னது. கூகுளின் தேடல் பிரிவுக்கு அப்போது தலைமை வகித்த அமித் சிங்கால் இதன் பின்னணியை விளக்கியது சுவையானது. சாதாரண மனிதர்களை உட்காரவைத்துப் பல தளங்களைக் காட்டினார்களாம். இந்தத் தளத்திடம் உங்கள் கிரெடிட் கார்டு எண்ணைக் கொடுப்பீர்களா? இந்தத் தளம் சொல்லும் மருந்தை உங்கள் குழந்தைக்குக் கொடுப்பீர்களா? இப்படியான கேள்விகள். வந்த பதில்களை வைத்து, மனிதர் நம்பும் தளங்களுக்கும் நம்பாத தளங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கணினிக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் ‘பெங்குவின்’ வந்தது. அதன் குறி விலைக்கு வாங்கிய இணைப்புகள். ஊர் பேர் தெரியாத தளங்களில் ஆயிரம் இணைப்பு வாங்கிக்கொடுத்தவர்கள், பிறகு அவற்றை நீக்கிக்கொடுக்கவும் காசு கேட்டார்கள் என்பது இந்தத் தொழிலின் பழைய நகைச்சுவை.

கிரெடிட் கார்டு, குழந்தைக்கு மருந்து என்ற அந்த இரண்டு கேள்விகளின் வாரிசுகள் இன்றும் இருக்கின்றன. தேடல் முடிவுகளின் தரத்தைப் பார்த்து மதிப்பெண் போட உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான வெளியாட்களைக் கூகுள் வைத்திருக்கிறது. அவர்களுக்கான வழிகாட்டி நூற்றறுபது பக்கங்களுக்கு மேல் ஓடும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பணம், உடல்நலம், பாதுகாப்பு சம்பந்தப்பட்ட பக்கங்களை மிகக் கறாராகப் பார்க்கச் சொல்கிறது அது. நிபுணத்துவம், மதிப்பு, நம்பகத்தன்மை என்று மூன்றாக இருந்த அளவுகோலில் 2022 டிசம்பரில் ‘நேரடி அனுபவம்’ என்பதையும் சேர்த்தார்கள். நான்கிலும் முக்கியமானது நம்பகத்தன்மை, அது இல்லாவிட்டால் மற்றவை இருந்தும் பயனில்லை என்று வழிகாட்டியே சொல்கிறது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இவர்கள் போடும் மதிப்பெண் எந்தத் தளத்தையும் நேரடியாக மேலே ஏற்றுவதும் இல்லை, கீழே இறக்குவதும் இல்லை. கணினியின் கணக்கு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் அது பயன்படுகிறது. ஆனாலும், நல்ல தளம் என்று கூகுள் எதை நினைக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் கிடைக்காது.

இதையெல்லாம் எந்த வழிகாட்டியும் படிக்காமலே செய்துகாட்டியவர் ஒருவர் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கிறார். மார்க்கஸ் ஷெரிடன். நண்பர்களோடு சேர்ந்து ‘ரிவர் பூல்ஸ்’ என்ற பெயரில் வீடுகளுக்கு ஃபைபர்கிளாஸ் நீச்சல் குளம் அமைத்துக்கொடுக்கும் தொழில் செய்தார். 2008-ல் பொருளாதாரம் சரிந்தது. வீட்டின் பேரில் கடன் வாங்கிக் குளம் வெட்டிக்கொண்டிருந்த மக்கள் ஒரே இரவில் நிறுத்திக்கொண்டார்கள். முன்பணம் கட்டியவர்களும் திருப்பிக் கேட்டார்கள். கடையை மூடும் நிலை. வானொலி, தொலைக்காட்சி, இணைய விளம்பரம் என்று ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் செலவழித்துவந்த கம்பெனிக்கு இனி அந்தப் பணம் இல்லை.

ஷெரிடன் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டார். இத்தனை ஆண்டுகளில் வாடிக்கையாளர்கள் தன்னிடம் என்னென்ன கேட்டிருக்கிறார்கள்? ஒவ்வொரு கேள்வியும் ஒரு கட்டுரைத் தலைப்பு. இரவு வேலை முடிந்ததும் ஒவ்வொன்றாக எழுதித் தளத்தில் போட்டார். எல்லோரும் முதலில் கேட்ட கேள்வி, ஃபைபர்கிளாஸ் குளம் என்ன விலை ஆகும் என்பது. அந்தத் தொழிலில் இருந்த யாருமே அதற்கு இணையத்தில் பதில் சொன்னதில்லை. “நேரில் வாருங்கள், பேசலாம்” என்பார்கள். விலையைச் சொன்னால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார், போட்டியாளர் பார்த்துவிடுவார் என்ற பயம். ஷெரிடனும் ஒற்றை விலை சொல்லவில்லை. அளவு, மேடை, சுற்றுத்தளம், துணைக்கருவிகள் என்று எதெதனால் விலை கூடுகிறது, குறைகிறது, எந்த ரகத்துக்கு எந்த வரம்பு என்று விளக்கினார். அவ்வளவுதான். குளத்தின் விலையைத் தேடியவர்களுக்கெல்லாம் அந்தக் கட்டுரை முதலில் வந்து நின்றது. அந்த ஒரே கட்டுரையால் குறைந்தது 17 லட்சம் டாலர் வியாபாரம் வந்தது என்று 2013-ல் ‘நியூயார்க் டைம்ஸ்’ பேட்டியில் அவர் சொன்னார். விளம்பரச் செலவு பழையதில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது.

அதோடு நிற்கவில்லை. ஃபைபர்கிளாஸ் குளத்தில் என்னென்ன கோளாறு வரும் என்று எழுதினார்; தான் விற்கும் பொருளின் குறையைத் தானே! அடுத்தது இன்னும் துணிச்சல். ரிச்மண்ட் நகரில் நல்ல குளம் கட்டுபவர்கள் யார் என்று ஒருவர் கேட்டதற்கு, ஐந்து போட்டியாளர்களின் பட்டியலைத் தளத்தில் போட்டார். அதில் தன் பெயரைச் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் அந்தப் பட்டியலை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. விளைவு? போட்டியாளர்களின் பெயரைப் போட்டுத் தேடியவர்களும் இவருடைய தளத்துக்கே வந்தார்கள். வந்தவர்கள், இவ்வளவு நேர்மையாகப் பேசுகிறவரிடமே வேலையைக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தார்கள்.

இதை அப்படியே எடுத்து ஆத்தங்குடியில் கையால் டைல்ஸ் செய்யும் பட்டறைக்குப் பொருத்திப் பாருங்கள். வீடு கட்டுகிறவர் என்னென்ன கேட்பார்? சதுர அடி என்ன விலை, கோயம்புத்தூர் வரை வண்டி வாடகை எவ்வளவு, வழியில் உடைந்தால் யார் பொறுப்பு, குளியலறையில் போடலாமா, சாயம் மங்குமா, நம் ஊர்க் கொத்தனாருக்குப் பதிக்கத் தெரியுமா. பட்டறைக்காரர் இதற்கெல்லாம் ஒரு நாளைக்குப் பத்து தடவை போனில் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். அதே பதிலை அதே பேச்சு நடையில், பட்டறையில் எடுத்த படங்களோடு தளத்தில் போட்டால், கூகுள் கேட்கும் ‘நேரடி அனுபவம்’ அதைவிட வேறென்ன? ஆனால், பெரும்பாலான தளங்களைத் திறந்தால் நாம் பார்ப்பது, “வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் குறிக்கோள்” என்ற ஒரு வரியும், கைகுலுக்கும் வெள்ளைக்காரர்கள் படமும்தான்.

வெளித்தோற்றம் முக்கியமில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2002-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பி.ஜே. ஃபாக் குழு, 2,684 பேரிடம் இணையதளங்களைக் காட்டி எது நம்பும்படி இருக்கிறது, ஏன் என்று கேட்டது. வந்த கருத்துகளில் 46.1 சதவீதம் தளத்தின் தோற்றத்தைப் பற்றியவை. எழுத்தின் அளவு, நிறம், அடுக்கியிருக்கும் விதம். தகவல் சரியா என்று பார்த்தவர்கள் அதைவிட மிகக் குறைவு. அதே சமயத்தில் மருத்துவம், நிதித்துறை வல்லுநர்களிடமும் ஒரு துணை ஆய்வு நடந்தது. அவர்கள் தோற்றத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுதியது யார், தகவல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தார்கள். தேடுபொறி இந்த இருவரில் வல்லுநரைப்போல நடந்துகொள்ளத்தான் ஆண்டுக்கு ஆண்டு முயல்கிறது. பாமரரையும் வல்லுநரையும் ஒரே பக்கத்தில் திருப்திப்படுத்துவதற்கு நல்ல எடுத்துக்காட்டு பிரிட்டன் அரசின் மருத்துவ சேவையான என்.எச்.எஸ். தளம். பளபளப்பு கிடையாது. சின்னச் சின்ன வாக்கியங்கள். நோய் பற்றிய பக்கத்தின் அடியில் இரண்டு தேதிகள் இருக்கும்: கடைசியாகச் சரிபார்த்தது எப்போது, அடுத்துச் சரிபார்க்க வேண்டியது எப்போது. வாசகருக்கு இதைவிட மரியாதை கொடுக்க முடியாது.

இனி தொழில்நுட்பம். இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் இந்த வேலைகளுக்கு முடிவு உண்டு. ஒரு முறை ஒழுங்காகச் செய்துவிட்டால் போதும். தளத்தின் முகவரி எச்.டி.டி.பி.எஸ். என்று தொடங்க வேண்டும். 2014-லேயே கூகுள் இதைத் தரவரிசைக்கான ஒரு சிறு காரணியாக அறிவித்துவிட்டது. 2018 ஜூலை முதல் குரோம் உலாவி, அப்படித் தொடங்காத தளங்களைப் ‘பாதுகாப்பற்றது’ என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறது. இதற்கான சான்றிதழ் ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ அமைப்பில் இலவசமாகவே கிடைக்கிறது. மொபைலில் தளம் சரியாகத் தெரியவேண்டும். இது 2015 ஏப்ரல் முதல் மொபைல் தேடலில் கணக்கில் வருகிறது. பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை விநாடிக்குள் திறக்க வேண்டும் என்பது கூகுளின் அளவு. படித்துக்கொண்டிருக்கும்போது எங்கிருந்தோ விளம்பரம் குதித்து, எழுத்து கீழே நகர்ந்து, விரல் தவறான இடத்தில் பட்டுவிடுகிறதே, அதற்கும் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தலைப்பு வேண்டும். எல்லாப் பக்கத்துக்கும் ‘முகப்பு’ என்றே தலைப்பு வைத்திருக்கும் அரசுத் தளங்களைப் பார்த்திருப்பீர்கள். ‘கூகுள் சர்ச் கன்சோல்’ என்ற இலவசக் கருவியில் பதிந்துகொண்டால், எந்தச் சொல்லைத் தேடி உங்கள் தளத்துக்கு வருகிறார்கள், எந்தப் பக்கத்தைக் கூகுள் சேர்க்கவே இல்லை என்பதெல்லாம் தெரியும்.

தமிழ்த் தளங்களுக்கு இதில் ஒரு தனிக் கதை உண்டு. யுனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறை பரவலாவதற்கு முன் ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வொரு எழுத்துருவை வைத்திருந்தது. டிஸ்கி, தாப், தாம், பாமினி என்று பல வகை. திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே கணினிக்குத் தெரிவதோ சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் குறிகளும். தேடுபொறியைப் பொறுத்தவரை அந்தப் பக்கங்களில் தமிழே இல்லை. ஆண்டுக்கணக்கில் எழுதிக் குவித்த தமிழ் இப்படித் தேடலுக்கு அகப்படாமல் கிடந்தது. செய்தித்தாள்களும் வார இதழ்களும் ஒன்றன்பின் ஒன்றாக யுனிகோடுக்கு மாறின. தமிழ்நாடு அரசு 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி யுனிகோடைத் தரமாக ஏற்றது.

அந்த வியாதி போனாலும் அதன் தம்பி இன்னும் இருக்கிறது. கடையின் விலைப்பட்டியல், கோயில் திருவிழா நிகழ்ச்சிநிரல், பள்ளிச் சேர்க்கை விவரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டீஸ் படமாக்கித் தளத்தில் ஒட்டிவிடுகிறோம். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி சரியாகப் படிக்கும் என்று நம்பி இருக்க முடியாது. கண் தெரியாதவர்களின் திரைவாசிப்பு மென்பொருளுக்கும் அது சிரமம்தான். இதற்கிடையில், 2018 பிப்ரவரியில் கூகுள் தன் ஆட்சென்ஸ் விளம்பரத்தைத் தமிழ்த் தளங்களுக்கும் திறந்துவிட்டது. தமிழில் எழுதியும் நாலு காசு பார்க்கலாம் என்ற நிலை நல்லதுதான். கூடவே, “இதைப் பார்த்தால் அதிர்ந்துபோவீர்கள்” வகைத் தளங்களும் வந்தன. பெயர் இல்லாத ஆசிரியர், தேதி இல்லாத செய்தி, சர்க்கரை நோய்க்கு மூன்றே நாளில் தீர்வு. அதனால்தான் பெயரும் தேதியும் ஆதாரமும் போட்டு எழுதும் ஒரு தமிழ் மருத்துவர், ஒரு தமிழ் வழக்கறிஞர் இன்று எளிதாகத் தனித்துத் தெரியலாம். ஆங்கிலத்தில் ஒரு கேள்விக்கு நூறு நல்ல பக்கங்கள் போட்டியிடுகின்றன. தமிழில் பட்டா மாறுதல் பற்றியோ குழந்தையின் காய்ச்சல் பற்றியோ தெளிவாக எழுதிய பக்கம் எத்தனை இருக்கிறது?

சரி, நேர்மையாக எழுதினால் கூகுள் கட்டாயம் முன்னுக்குக் கொண்டுவந்துவிடுமா? இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையும் விளம்பரமாகிவிடும்.

‘ஹவுஸ்ஃபிரெஷ்’ என்று ஒரு சிறிய தளம். காற்றுச் சுத்திகரிப்புக் கருவிகளைத் தாங்களே வாங்கி, அறையில் வைத்து ஓட்டிப் பார்த்து, அளந்து எழுதுகிறவர்கள். 2024 பிப்ரவரியில் அவர்கள் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார்கள். புகழ்பெற்ற பத்திரிகைகளின் தளங்கள், கருவியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ‘சிறந்த பத்து’ பட்டியல் போட்டு, பத்திரிகையின் பழைய பெயரை வைத்தே தங்களுக்கு மேலே போய் உட்கார்ந்துவிடுகின்றன என்று உதாரணங்களோடு காட்டினார்கள். திவாலாகிப்போன ஒரு கம்பெனியின் கருவியைக்கூட அந்தப் பட்டியல்கள் சிபாரிசு செய்துகொண்டிருந்தன. சில மாதங்கள் கழித்து அவர்கள் எழுதிய இன்னொரு கட்டுரையின்படி, தேடலிலிருந்து நாளுக்கு 4,000 பேர் வந்துகொண்டிருந்த இடத்தில் 200 பேர்தான் வந்தார்கள். பிறர் பெயரில் சவாரி செய்யும் பக்கங்களுக்கு எதிராக அதே ஆண்டு கூகுள் புது விதி கொண்டுவந்தது. நல்ல தளங்கள் எல்லாவற்றுக்கும் அதனால் விடிவு வந்துவிடவில்லை.

கூகுள் வெளியே சொல்வதும் உள்ளே செய்வதும் ஒன்றுதானா என்ற சந்தேகத்துக்கும் ஆதாரம் உண்டு. பயனாளர் எதைக் கிளிக் செய்கிறார் என்பதை நேரடியாகத் தரவரிசைக்கு எடுப்பதில்லை என்று அந்நிறுவனத்தினர் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக வழக்கில் 2023 அக்டோபரில் கூகுளின் துணைத் தலைவர் பாண்டு நாயக் சாட்சி சொன்னபோது, ‘நேவ்பூஸ்ட்’ என்ற அமைப்பு 13 மாதக் கிளிக் விவரங்களை வைத்து வேலை செய்வது வெளியே வந்தது. மறு ஆண்டு மே மாதம் கூகுளின் உள் ஆவணங்கள் 2,500 பக்கங்களுக்கு மேல் கசிந்தன. ஆவணங்கள் உண்மை என்று கூகுள் ஒப்புக்கொண்டது, ஆனால் அரைகுறையாகப் படித்து முடிவுக்கு வரவேண்டாம் என்றது. ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, தேடலில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று தீர்ப்பளித்தார். இப்போது தேடினால் இணைப்புகளுக்கு மேலே செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கமே பதிலாக வந்துவிடுகிறது. அந்த வசதி அமெரிக்காவில் 2024 மே மாதம் அறிமுகமான சில நாள்களிலேயே, பீட்சாவில் சீஸ் ஒட்டிக்கொள்ளப் பசை சேர்க்கலாம் என்று பதில் சொல்லிச் சிரிப்பாய்ச் சிரித்தது. ரெடிட் தளத்தில் என்றோ ஒருவர் விளையாட்டாக எழுதியதை எடுத்துப் போட்டிருந்தது.

ஆகவே ஒற்றைக் கூகுளை மட்டும் நம்பித் தளம் நடத்துவது ஆபத்து. தேடலில் வந்தவர் அடுத்த முறை தேடாமலே, பெயரை நினைவில் வைத்து நேராக வருகிறாரா என்று பார்க்க வேண்டும். மின்னஞ்சல் பட்டியலோ வாட்ஸப் சேனலோ ஏதாவது ஒன்று கையில் இருக்க வேண்டும். ஷெரிடனின் குளக் கட்டுரைகளுக்கு இருந்த பலமும் இதுதான்: கூகுள் இல்லாத உலகிலும் அவற்றை வாடிக்கையாளர் கையில் அச்சடித்துக் கொடுத்திருக்கலாம்.

கடைசியாக, தளம் வைத்திருப்பவர்கள் இன்றே செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதற்கு எஸ்.இ.ஓ. தெரியவேண்டியதில்லை. உங்கள் டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, எப்போது காலாவதியாகிறது என்று பாருங்கள். தளம் வடிவமைத்துக் கொடுத்தவர் தன் பெயரிலேயே பதிந்துவைத்திருப்பது நம் ஊரில் சர்வசாதாரணம். அவர் போனை எடுக்காத நாளில்தான் விஷயம் தெரியவரும். மைக்ரோசாஃப்ட்டே 1999 டிசம்பரில் தன் ‘பாஸ்போர்ட்’ உள்நுழைவுச் சேவையின் டொமைனைப் புதுப்பிக்க மறந்துவிட்டதால், கிறிஸ்துமஸ் நேரத்தில் ஹாட்மெயிலுக்குள் பலர் நுழைய முடியாமல் தவித்தார்கள்; யாரோ ஒரு புரோகிராமர் தன் கையிலிருந்து 35 டாலர் கட்டிப் புதுப்பித்துக் கொடுத்தார். டொமைன், ஹோஸ்டிங், சர்ச் கன்சோல் மூன்றின் கடவுச்சொல்லும் உங்களிடம் இருக்கட்டும். அதன் பிறகு, கூகுளில் முதலிடம் நிச்சயம் என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால், அவருக்குக் காசு கொடுக்காதீர்கள். அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறது.